கொத்தாகத் தொங்கும் தேனீக்கள் வீடு பார்ப்பது எப்படி?

மாசி, பங்குனி மாதங்களில் பாலக்கோடு, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி பக்கத்துத் தோட்டங்களில் இதைப் பார்க்கலாம். வெயில் ஏறிய காலை நேரத்தில் திடீரென்று பெரிய இரைச்சல் கேட்கும். தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான தேனீக்கள் சுற்றிச் சுற்றிப் பறக்கும். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் ஒரு புங்கன் கிளையிலோ கொய்யாக் கிளையிலோ வந்து அப்பிக்கொண்டு, முழ நீளத்துக்குக் கொத்தாகத் தொங்கும். பந்தம் கொளுத்தலாமா, மருந்து அடிக்கலாமா என்று வீட்டில் பதறுவார்கள். இரண்டும் வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் தேன் பெட்டி வைத்திருப்பவருக்கு, காசு செலவில்லாமல் ஒரு குடும்பம் வாசலுக்கே வந்திருக்கிறது. அந்தக் கொத்தைப் பெட்டியில் போடுவது சுலபம். மறுநாளும் அது பெட்டியிலேயே இருக்க வேண்டுமென்றால், கொத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எந்தத் தேனீ என்று பாருங்கள். பெட்டியில் வளர்க்கக்கூடியது இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ, பொந்துத் தேனீ என்றெல்லாம் சொல்வது இதைத்தான். மரப்பொந்து, சுவர் இடுக்கு போன்ற இருட்டான இடத்தில் பல அடைகளை வரிசையாக அடுக்கிக் கட்டும். அதனால்தான் பெட்டிக்குள் சட்டங்களில் அதைக் கட்ட வைக்க முடிகிறது. ஒகேனக்கல் பாறைகளிலும் உயரமான தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் ஒரே பெரிய அடையாகக் கட்டித் தொங்குவது மலைத்தேனீ. அதுவும் இடம் மாறும்போது கிளையில் கொத்தாகத் தங்கும். உடல் இந்தியத் தேனீயைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீளம். அது எந்தப் பெட்டியிலும் தங்காது. சீண்டினால் நூற்றுக்கணக்கில் துரத்திக் கொட்டும், உயிரே போகலாம். சந்தேகமாக இருந்தால் கிட்டே போகவே வேண்டாம்.

சரி, இந்தியத் தேனீ ஏன் கிளம்பி வருகிறது? பூ நிறைய இருக்கும் பருவத்தில் கூடு வேகமாகப் பெருகும். ராணி ஈயின் தாடைச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு வாசனைப் பொருள், பணி ஈக்களின் வாய்வழியாகவும் உணர்கொம்பு வழியாகவும் கூடு முழுக்கப் பரவிக்கொண்டே இருக்கும். அது இருக்கும் வரை புது ராணி வளர்க்கும் எண்ணம் அவற்றுக்கு வராது. கூட்டம் பெருகி நெருக்கடி ஆனதும் ஒவ்வொரு ஈக்கும் கிடைக்கும் அளவு குறைகிறது. அப்போது அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை வடிவத்தில் ராணி அறைகள் முளைக்கும். அதற்கும் முன்பே ஆண் ஈ அறைகள் கூடிவிடும். இந்தியத் தேனீயின் ஆண் ஈ அறைக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. மூடி கூம்பாக எழும்பி, நடுவில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை இருக்கும். இந்தத் துளை மூடிகள் நிறையக் கண்ணில் பட்டால், பிரிவு வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் ராணி அறை மூடப்படும் சமயத்தில் பழைய ராணி, கூட்டில் பாதிக்கும் மேற்பட்ட பணி ஈக்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறும். புது ராணி பிறக்க அதற்கப்புறம் ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆக, பழைய வீட்டைப் பிள்ளைக்கு விட்டுவிட்டுத் தாய்தான் புது இடம் தேடிப் போகிறாள்.

போகும் முன் பணி ஈக்கள் வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொள்ளும். புது அடை கட்டும் மெழுகை உடலில் சுரக்க இந்தத் தேன்தான் மூலப்பொருள். கொத்தாகத் தொங்கும்போது காக்கப் புழுவும் இல்லை, தேனடையும் இல்லை, அதனால் கொட்டும் வேகம் குறைவு. புதிதாக வந்து அமர்ந்த கொத்து சாதுவாக இருப்பது இதனால்தான். இரண்டு மூன்று நாள் மழையிலும் பசியிலும் தொங்கிய கொத்து அப்படி இருக்காது.

இனிதான் முக்கியமான பகுதி. கிளையில் தொங்குவது இடைத்தங்கல் மட்டுமே. அங்கிருந்து வீடு தேடும் வேலை நடக்கிறது. இதை முதலில் கண்டவர் ஜெர்மனியின் மார்ட்டின் லிண்டாவர். பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீக்கள் நடனமாடிச் சொல்கின்றன என்று கண்டுபிடித்து 1973-இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷின் மாணவர் அவர். 1949-இல் ஒரு கொத்தின் மேல் நடனமாடிய ஈக்களை லிண்டாவர் கவனித்தார். அவற்றின் உடலில் மகரந்தம் இல்லை. சிலவற்றில் புகைக்கரி, சிலவற்றில் செங்கல் தூள், சிலவற்றில் மாவு. போரில் இடிந்து கிடந்த மியூனிக் நகரின் புகைபோக்கிகளிலும் சுவர் இடுக்குகளிலும் அவை நுழைந்து வந்திருக்கின்றன. பூவைத் தேடி அல்ல, வீட்டைத் தேடி.

பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சீலி இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். அவர் ஆராய்ந்தது ஐரோப்பியத் தேனீ, அதாவது நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்லும் இனம். கொத்தில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான ஈக்களே இடம் தேடப் போகின்றன. பெரும்பாலும் அவை அனுபவமுள்ள வயதான ஈக்கள். ஒரு பொந்தைக் கண்டதும் உள்ளே நடந்தும் சிறிது பறந்தும் அதன் கொள்ளளவை அளக்கின்றன. திரும்பி வந்து, தொங்கும் மற்ற ஈக்களின் முதுகின் மேலேயே நடனமாடுகின்றன. வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராக ஓடும் கோணம், சூரியனிலிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்கிறது. ஆட்டும் நேரம் தூரத்தைச் சொல்கிறது. தேனீ இனங்களுக்குள் இந்தத் தூரக் கணக்கு மாறும். தென்னிந்தியாவின் மூன்று இனங்களை ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில், ஒரே தூரத்துக்கு மற்ற இரண்டையும்விட அதிக நேரம் ஆட்டியது இந்தியத் தேனீ. இரை தேடிப் போகும் தூரமும் அதற்குத்தான் குறைவு.

பல ஈக்கள் பல இடங்களைச் சொல்கின்றன. எப்படி ஒரே முடிவுக்கு வருகின்றன? யாரும் தலைமை இல்லை, ராணிக்கும் இதில் பங்கு இல்லை. நல்ல இடத்தைப் பார்த்த ஈ அதிகச் சுற்று ஆடும், சுமாரான இடத்தைப் பார்த்தது குறைவாக ஆடும். அதிகம் ஆடப்படும் இடத்துக்கு அதிக ஈக்கள் போய் நேரில் பார்க்கும். சொன்னதை அப்படியே நம்பாமல் ஒவ்வொன்றும் தானே சோதித்த பிறகே ஆடும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அடுத்தது. ஒவ்வொரு முறை போய்த் திரும்பும்போதும் அதே ஈ சுற்றுகளைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஓய்ந்துவிடும். பிடிவாதம் இல்லாததால் சுமாரான இடங்கள் தாமாகவே பேச்சிலிருந்து விலகுகின்றன. 2012-இல் சீலியும் கூட்டாளிகளும் இன்னொன்றையும் காட்டினார்கள். வேறு இடத்துக்கு ஆடும் ஈயைத் தலையால் முட்டி, ‘கீக்’ என்று ஒலி எழுப்பி நிறுத்தவும் செய்கின்றன.

முடிவு கொத்தில் எடுக்கப்படுவதில்லை, புது வீட்டு வாசலில் எடுக்கப்படுகிறது. ஒரே நேரத்தில் இருபது முப்பது ஈக்கள் அந்த வாசலில் கூடினால், அவை திரும்பி வந்து மெல்லிய குழல் ஒலி எழுப்பும். உடனே கொத்து முழுவதும் பறக்கும் தசைகளை அதிர வைத்து உடலை 35 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக்கொள்ளும். அப்புறம் ஒரு நிமிடத்துக்குள் கொத்து கலைந்துவிடும். வழி தெரிந்த சில ஈக்கள் கூட்டத்தின் மேல்பகுதியில் வேகமாகப் பாய்ந்து திசை காட்டும். அமெரிக்கக் கடற்கரையை ஒட்டிய, பெரிய மரங்களே இல்லாத ஆப்பிள்டோர் தீவில் சீலி ஒரு 40 லிட்டர் பெட்டியும் நான்கு 15 லிட்டர் பெட்டிகளும் வைத்துச் சோதித்தபோது, ஐந்து முறையில் நான்கு முறை கொத்துகள் பெரிய பெட்டியையே தேர்ந்தெடுத்தன.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது என்ன? நாம் பிடித்துப் பெட்டியில் போட்டாலும் தேடும் ஈக்கள் தேடலை நிறுத்துவதில்லை. நம் பெட்டி அவற்றின் பரிசோதனையில் தோற்றால், மறுநாள் வெயில் ஏறியதும் கூட்டம் போய்விடும். அதனால் நான் பிடிக்கும் திறமையைவிடப் பெட்டிக்கே அதிக மதிப்பு தருவேன். இந்தியத் தேனீயின் குடும்பம் சிறியது, ஐரோப்பியத் தேனீ கேட்கும் இடத்தில் பாதிகூட வேண்டாம். திருச்சியில் பணியாற்றிய பாதிரியார் நியூட்டன் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த பெட்டி, புழு வளரும் கீழ் அறையில் ஏழு சட்டங்களோடு, நம் ஊருக்கு இன்றும் பொருந்துகிறது. வெளிச்சம் கசியும் விரிசல், புது பெயின்ட் வாடை, மத்தியான வெயில், எறும்பு ஆகிய நான்கும் கூடாது. பழைய மெழுகைச் சட்டங்களில் தேய்த்து, அடர்ந்த மர நிழலில் வையுங்கள். தாங்கியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் கட்டாயம்.

இப்படித் தயார் செய்த காலிப் பெட்டியை அல்லது சின்னத் துளையுள்ள மண்பானையை மாசிக்கு முன்பே மரத்தில் கட்டி வைத்தால், தேடும் ஈக்கள் தாமே கண்டுபிடித்து வரும். காலிப் பெட்டி வாசலில் சில ஈக்கள் முகர்ந்து முகர்ந்து நுழைந்து வருவதையும், நாளுக்கு நாள் எண்ணிக்கை கூடுவதையும் பார்த்தால் உங்கள் பெட்டி போட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். இந்த வழியில் வந்த கூட்டம் ஓடிப்போவது குறைவு, ஏனென்றால் வீட்டைத் தேர்ந்தெடுத்தது அவையே.

கிளையில் தொங்குவதைப் பிடிப்பதானால் முகவலை போட்டுக்கொள்ளுங்கள். கொத்தின் மேல் தண்ணீரைப் பனித்துளி போலத் தெளித்தால் பறப்பது குறையும். கொத்துக்கு அடியில் பெட்டியைத் திறந்து பிடித்துக் கிளையை ஒரே உதறலில் உதற வேண்டும். மெல்லிய கிளையென்றால் வெட்டி அப்படியே உள்ளே இறக்கலாம். அப்புறம் வாசலைப் பாருங்கள். ஈக்கள் வயிற்று நுனியைத் தூக்கிச் சிறகை விசிறிக்கொண்டு நின்றால் ராணி உள்ளே இருக்கிறாள். வயிற்று நுனியில் உள்ள சுரப்பியின் வாசனையை விசிறி, வெளியே இருப்பவற்றை அவை அழைக்கின்றன. ஐரோப்பியத் தேனீயின் அந்த வாசனையில் சிட்ரால் என்ற பொருள் உண்டு, எலுமிச்சைப்புல் எண்ணெயிலும் அது இருப்பதால்தான் பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தடவுகிறார்கள். ஈக்கள் மறுபடி கிளைக்கே திரும்பினால் ராணி அங்கேதான். திரும்ப உதற வேண்டும். வெளியே போன தேடும் ஈக்களும் வந்துசேரப் பெட்டியை அங்கேயே விட்டு, இருட்டியதும் நிலையான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

தங்க வைக்க மிக நல்ல வழி, வேறு பெட்டியிலிருந்து இளம் புழுக்கள் உள்ள ஓர் அடையைக் கொடுப்பது. புழுவை விட்டுவிட்டுப் போக அவற்றுக்கு எளிதில் மனம் வராது. அந்த அடை நோயில்லாத பெட்டியிலிருந்து வர வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 1991-92-இல் தென்னிந்தியாவில் பரவிய தாய் சாக்புரூட் வைரஸ் இந்தியத் தேனீக் குடும்பங்களைப் பெருமளவில் அழித்தது. புழு நீர் கோத்த பை போல அறைக்குள் செத்துக் கிடந்தால் அந்த அடையைத் தொடவே கூடாது. முதல் சில நாட்கள் மாலையில், சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகு கொஞ்சம் வைக்கலாம்.

பலரும் வாசலில் ராணித் தடுப்புத் தகடு வைப்பார்கள். பணி ஈ போய்வரும், ராணியால் வெளியே வர முடியாது. இங்கே ஒரு எச்சரிக்கை. பெரிய கொத்தென்றால் பெரும்பாலும் இனச்சேர்க்கை முடிந்த பழைய ராணி, தகடு சரி. கைப்பிடி அளவே உள்ள சின்னக் கொத்து, அதே கூட்டிலிருந்து சில நாள் கழித்துக் கிளம்பிய இரண்டாவது பிரிவாக இருக்கலாம். அதில் இருப்பது கன்னி ராணி. அவள் வெளியே பறந்து போய் ஆண் ஈக்களோடு சேர்ந்து வந்தால்தான் பணி ஈக்கள் பிறக்கும். தகடு வைத்தால் அவளை மலடாக்கிவிடுவோம். சின்னக் கொத்துக்குத் தகடே வேண்டாம்.

ஒரு வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டு, பிறகு அடையைத் தூக்கி அறைகளின் அடியில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முட்டை தெரிந்தால் தகட்டை எடுத்துவிடலாம். சின்னக் கொத்தில் மூன்று வாரம் கழித்தும் முட்டை இல்லையென்றால், பறக்கப் போன ராணியைப் பஞ்சுருட்டானோ வேறு பறவையோ பிடித்திருக்கலாம். தாமதித்தால் பணி ஈக்களே முட்டையிடத் தொடங்கும், அவற்றிலிருந்து ஆண் ஈக்கள் மட்டுமே வரும். அதற்கு முன்பே இன்னொரு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள அடை ஒன்றைக் கொடுத்தால், அவையே புது ராணியை வளர்த்துக்கொள்ளும்.