தசைச்சிதைவு உள்ள பிள்ளைக்கு அரசிடம் என்னென்ன கேட்கலாம்?

தரையில் உட்கார்ந்திருக்கும், தசைச்சிதைவு உள்ள 5 வயதுப் பையனை எழுந்து வரச் சொல்லுங்கள். அவன் சட்டென்று எழமாட்டான். குப்புறத் திரும்பி, கையைத் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலில் ஊன்றி, தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் பயில்வானுக்கு இருப்பதுபோல் திரண்டிருக்கும். டுச்சென் தசைச்சிதைவு நோயை, அதாவது டி.எம்.டி.யை, பெரும்பாலும் இப்படித்தான் முதலில் அடையாளம் காண்கிறார்கள்.

டிஸ்ட்ரோபின் என்ற புரதம் தசைநாரின் உறையை உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. அது இல்லாவிட்டால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் உறையில் கிழிசல் விழும். சில வருஷங்களுக்கு உடம்பு தைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் ஈடுகொடுக்க முடியாமல் போக, தசை இருந்த இடத்தைக் கொழுப்பும் நாரும் பிடித்துக்கொள்ளும். திரண்ட கெண்டைக்காலில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான். கிழிந்த தசையிலிருந்து கசியும் பொருள்கள் ரத்தப் பரிசோதனையில் தெரியும்: சி.பி.கே. என்ற தசை நொதியின் அளவு ஆயிரக்கணக்கில் ஏறும், கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் கூடவே ஏறும். இந்தக் கடைசி இரண்டை மட்டும் பார்த்துவிட்டுக் கல்லீரல் கோளாறு என்று மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பிள்ளைகள் உண்டு. நடப்பதில் சிரமப்படும் பையனுக்குக் கல்லீரல் அளவுகள் கூடியிருந்தால், சி.பி.கே.யும் பாருங்கள் என்று நீங்களே கேளுங்கள்.

இனி அரசின் திட்டத்துக்கு வருவோம். மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021 மார்ச்சில் வந்தது. அது நோய்களை மூன்று பிரிவாகப் பிரிக்கிறது. ஒருமுறை சிகிச்சையில் சரியாகக்கூடியவை முதல் பிரிவு. வாழ்நாள் முழுக்கச் சிகிச்சை தேவைப்பட்டாலும் செலவு ஓரளவு தாங்கக்கூடியவை இரண்டாவது பிரிவு. மருந்து இருந்தும் விலை மிக அதிகமானவை மூன்றாவது. இந்த மூன்றாவதையும் இரண்டாகப் பிரித்து, பலன் உறுதியாகத் தெரிந்தவற்றை ஒரு பக்கமும், நீண்டகாலப் பலன் பற்றிய ஆதாரம் இன்னும் போதாதவற்றை இன்னொரு பக்கமும் வைத்தார்கள். டி.எம்.டி. அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது.

2022 மே மாதத்திலிருந்து எந்தப் பிரிவானாலும் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்று உயர்த்தினார்கள். இந்தப் பணம் குடும்பத்தின் கைக்கு வராது. அரசு அறிவித்த சிறப்பு மையங்களில் ஒன்றில் பிள்ளையைப் பதிந்து, அங்குள்ள மருத்துவக் குழு பார்த்துப் பரிந்துரைத்தால் சிகிச்சைக்காக அந்த மருத்துவமனைக்கே போகும். தமிழ்நாட்டில் அந்த மையம் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. பெங்களூரு, திருவனந்தபுரம், ஐதராபாத்திலும் மையங்கள் உண்டு.

50 லட்சம் என்றதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். டிஸ்ட்ரோபின் மரபணு 79 துண்டுகள் கொண்டது; மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றில் ஒன்று. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதில் சில துண்டுகள் விடுபட்டிருக்கும். விடுபட்ட இடத்தைத் தாண்டி மீதியைப் படிக்கவைக்கும் மருந்துகளை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். 51-ஆம் துண்டைத் தாண்டவைக்கும் மருந்துக்கு அமெரிக்காவில் 2016-இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது பொருந்துவது சுமார் 13 சதவீதப் பிள்ளைகளுக்குத்தான். நோயை அது குணப்படுத்துவதில்லை, எவ்வளவு பலன் என்பதிலும் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அளவு உடல் எடையைப் பொறுத்தது என்பதால் பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். ஒரு வருஷச் செலவே கோடிகளில் போகும் மருந்துக்கு 50 லட்சம் எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லைதான். ஆனாலும் வீட்டை விற்று அலைவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்கு மருந்து வரவழைப்பவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: மாநில சுகாதார இயக்குநர் அல்லது மாவட்ட மருத்துவ அதிகாரியின் சான்று இருந்தால் சுங்க வரி கிடையாது.

இந்த நிலையில் உங்கள் கையில் முதலில் இருக்கவேண்டிய காகிதம் மரபணுப் பரிசோதனை அறிக்கை. பொதுவாக, விடுபட்ட துண்டுகளைக் கண்டுபிடிக்கும் எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனையில் தொடங்குவார்கள். அதில் எதுவும் தெரியாவிட்டால் மரபணுவை முழுசாகப் படிக்கும் பரிசோதனைக்குப் போகச் சொல்வார்கள். நாளைக்கு ஒரு மருந்து ஆய்வு தொடங்கினால், எந்தத் துண்டு விடுபட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். சிறப்பு மையத்தில் நோயாளிப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அம்மாவுக்கும் அந்த அறிக்கை முக்கியம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு இது தாய் வழியாக வருகிறது. மீதிப் பேருக்குப் புதிதாக ஏற்பட்ட மாற்றம். இதில் அம்மாவைக் குற்றம் சொல்ல எதுவுமே இல்லை, உறவுக்காரர்கள் பேசும் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அம்மா அந்த மாற்றத்தைச் சுமப்பவர் என்று தெரிந்தால், அடுத்த கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம். பாலினம் அறியத் தடை போடும் சட்டமே, பாலினம் சார்ந்த மரபணு நோய்களுக்கான பரிசோதனையைப் பதிவுபெற்ற மையங்களில் அனுமதிக்கிறது. சித்தி, அக்கா, தங்கைகளும் சோதித்துக்கொள்வது நல்லது.

நிச்சயமாகக் கிடைக்கக்கூடியவை மாற்றுத்திறனாளிகள் துறையில் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. இதில் டுச்சென் மட்டுமல்ல, பெக்கர், இடுப்பு-தோள் தசைகளைப் பாதிக்கும் வகை எல்லாமே அடங்கும், பெண்களுக்கும் சேர்த்து. முதலில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடஒதுக்கீடு, அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு வழி பிறக்கும். சிறு வயதில் நடந்துகொண்டிருக்கும் பையனுக்குச் சதவீதம் குறைத்துப் போட்டுவிட வாய்ப்புண்டு. இது வருஷா வருஷம் கூடும் நோய், அதனால் மறுமதிப்பீடு கேளுங்கள்.

தமிழ்நாட்டில் தசைச்சிதைவு நோயால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே மாதப் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. 1,500 ரூபாயாக இருந்தது, 2023 ஜனவரியிலிருந்து 2,000 ரூபாய். கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் எங்கே என்று கேட்டுப் போய் மனு கொடுக்கலாம். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியும் அங்கேதான். பையன் நடப்பதை நிறுத்தும்வரை காத்திருக்காதீர்கள், விழ ஆரம்பித்த உடனே மனுவைப் போட்டு வையுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. பையன் நடமாடும் காலத்தை நீட்டிக்க உறுதியான ஆதாரம் உள்ள, விலை குறைந்த மருந்து இன்றைக்கு இதுதான். எடை கூடும், முகம் உப்பும். பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்தாகிவிடும். மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். மூச்சுத்திணறல் எதுவும் இல்லையென்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுங்கள், ஏனென்றால் இதயமும் தசைதான். அந்த அறிக்கைகளையும் மரபணு அறிக்கையோடு ஒரே ஃபைலில் போட்டு, ஜெராக்ஸ் இரண்டு செட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூருக்குப் போனாலும் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனாலும் அந்த ஃபைல் கூடவே வரட்டும்.