நாய் கவ்விய கோழி பிழைக்குமா?

முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து, சதை தெரிய, துணியில் சுற்றிக் கோழியைத் தூக்கி வருவார்கள். "இனி தேறாது, இல்லையா டாக்டர்?" என்பார்கள். பெரும்பாலும் தேறிவிடும். மேல்தோல் கிழிசலைக் கோழியின் உடம்பு வியக்கும்படி மூடிக்கொள்ளும். எனக்குக் கவலை தருவது வேறு வகை. "நாய் வாயிலிருந்து பிடுங்கிவிட்டோம், ஒன்றும் ஆகவில்லை, மேய்ந்துகொண்டுதான் இருந்தது" என்று இரண்டு நாள் கழித்து வரும் கோழியைப் பல சமயம் காப்பாற்ற முடிவதில்லை.

நாய், பூனையின் பல் ஊசிபோல உள்ளே இறங்கும். அவற்றின் வாயில் இருக்கும் பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகள் அந்தத் துளை வழியாக ஆழத்துக்குப் போய்விடும். மேலே தோல் மூடிக்கொள்ளும், சிறகு மறைத்துவிடும். ஓரிரு நாளில் கிருமி ரத்தத்தில் கலந்திருக்கும். கோழியோ வலியை வெளிக்காட்டாது. தளர்ந்ததைக் காட்டிக்கொண்டால் வேட்டை விலங்குக்கு இரையாகிவிடும் என்பது அதன் இயல்பிலேயே ஊறியது. அதனால் கடி என்று தெரிந்தால், ரத்தமே இல்லாவிட்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எலும்பு வெளியே தெரிந்தாலும், தீனிப்பை கிழிந்து தீனி வழிந்தாலும், வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படியே. தோல் உப்பி, அழுத்தினால் நொறுநொறுவென்றால் உள்ளே மூச்சுக்காற்று தங்கும் காற்றுப்பை கிழிந்திருக்கலாம்.

முதல் ஒரு மணி நேரத்தில் மருந்தைத் தேடி ஓட வேண்டாம். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். பிறகு அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி, கதகதப்பு. கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதிர்ச்சியில் அது இறங்கத் தொடங்கும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் கோழி விலகிக்கொள்ள இடம் வேண்டும்.

பிடிக்கும்போது மார்பை இறுக்காதீர்கள். நமக்கு இருப்பதுபோல் கோழிக்கு உதரவிதானம், அதாவது நெஞ்சுக்குக் கீழே மூச்சை இழுக்கும் தசைத்திரை, கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் நுனியை நனைத்துக் காட்டினால் போதும், தானாகக் குடிக்கும்.

கோழி சற்றுத் தெளிந்த பிறகு காயத்தைக் கழுவலாம். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு. ஊசி கழற்றிய சிரிஞ்சால் மண், தூசி போகும்வரை பீய்ச்சுங்கள். சுற்றியுள்ள சிறகைப் பிடுங்காமல் கத்தரியுங்கள். நன்றாக நீர்த்த போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவலாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் ஆறவேண்டிய சதையையே அரித்துவிடும். எண்ணெயும் பிசுபிசுப்பான களிம்பும் சிறகில் ஒட்டினால் உடல் வெப்பம் தங்காது. மனிதருக்கான வலி மாத்திரையைக் கொடுக்கவே வேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் அடிபட்ட இடம் பச்சையாக மாறும். அழுகிவிட்டது என்று பதறி ஓடி வருபவர்கள் நிறையப் பேர். பறவைகளுக்குக் கன்றிய ரத்தம் பச்சை நிறமிவரைதான் சிதையும். நமக்கு வருகிற மஞ்சள் கட்டம் அவற்றுக்கு இல்லை. கெட்ட வாடை, கருத்த தோல், சோர்வு சேர்ந்து வந்தால்தான் பயப்பட வேண்டும். அதேபோல் கோழிக்குச் சீழ் நீராக வடியாது, கெட்டியாக உறைந்து நிற்கும். அந்தக் கட்டியைப் பிதுக்கிப் பயனில்லை, மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ஈ மொய்க்கவிடாதீர்கள். ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஈ புகாத வலைக்குள் வைத்து, காலையும் மாலையும் சிறகை விலக்கிப் பாருங்கள், முக்கியமாக ஆசனவாயைச் சுற்றி.

காயம் ஆறும்வரை மற்ற கோழிகளோடு விடக்கூடாது. சிவப்பைக் கண்டால் கொத்திக் குதறிவிடும். ஆனால் முழுக்கப் பிரித்துவைத்தால் திரும்பிப் போகும்போது புதிய கோழியாகக் கருதி அடிக்கும். கம்பிவலைக்கு இந்தப் பக்கம், கூட்டம் கண்ணில் படும்படி வைப்பது நல்லது. காயத்தைத் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். சீட்டு எழுதும்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.