ஏற்காட்டுக் கிணற்றில் மோட்டார் ஏன் திணறுகிறது?

சேலத்தை அடுத்த அயோத்தியாப்பட்டணத்தில் 7 மீட்டர் ஆழத்திலிருந்து குறையின்றித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்த) மோட்டாரை ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கொண்டுபோய், நீர்மட்டம் அதே ஆழத்தில் உள்ள கிணற்றுக்குப் பொருத்தினால் இரைச்சல்தான் வருகிறது, தண்ணீர் சரியாக வரவில்லை என்று எழுதியிருக்கும் வாசகர், கூடுதல் குதிரைத்திறன் உள்ளதை வாங்கலாமா என்று கேட்கிறார். வாங்க வேண்டாம்.

மையவிலக்குப் பம்பின் அடிப்படை எளிது. இம்பெல்லர் எனும் சுழலும் இறக்கைச் சக்கரம், தன் நடுவில் நுழையும் நீரை விளிம்புக்கு வீசுகிறது; அதைச் சுற்றியுள்ள கேசிங் போகப்போக அகல்வதால் நீரின் வேகம் தணிந்து அழுத்தமாக மாறுகிறது. நிமிடத்துக்கு 2880 முறை சுற்றும் 150 மில்லிமீட்டர் இம்பெல்லரின் விளிம்பு வினாடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடும். அது ஏறத்தாழ 25 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றப் போதும். ஆனால் உள்ளே காற்று இருந்தால், அதே இம்பெல்லர் 25 மீட்டர் காற்றுத் தம்பத்தின் அழுத்தத்தைத்தான் உண்டாக்கும். காற்று நீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசானது என்பதால், அது வெறும் 3 சென்டிமீட்டர் நீருக்குச் சமம். ஏர் பிடித்த மோட்டார் வீணாகச் சுற்றுவதும், குழாயின் அடியில் நீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு ஒழுகக் கூடாது என்பதும் இதனால்தான். புது மோட்டாருக்கு எலுமிச்சம்பழம் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேசிங்கில் தண்ணீர் ஊற்றிவிட்டு வெட்டட்டும்.

இனி வாசகரின் சிக்கலுக்கு வருவோம். பம்பு தண்ணீரை உறிஞ்சி இழுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது இம்பெல்லரின் நடுவில் அழுத்தத்தைக் குறைப்பதோடு சரி, கிணற்று நீரை அழுத்திக் குழாய்க்குள் ஏற்றிவிடும் வேலையை வளிமண்டலமே செய்கிறது. கடல் மட்டத்தில் வளிமண்டலத்தால் 10.3 மீட்டர் வரை நீரைத் தாங்க முடியும். சேலத்தில் அது சுமார் 10 மீட்டர். 1500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ சுமார் 8.6 மீட்டர்தான். அதில் 7 மீட்டர் கிணற்றின் ஆழத்துக்கே போய்விடும். மிச்சத்தில் குழாயும் ஃபுட் வால்வும் தம் பங்கை உராய்வாக எடுத்துக்கொண்டபின், இம்பெல்லருக்குள் நீர் வேகமெடுக்கத் தேவையான அழுத்தம் மிஞ்சுவதில்லை. அழுத்தம் அந்த அளவுக்கு விழுந்தால் தண்ணீர் சாதாரண வெப்பநிலையிலேயே கொதித்து ஆவிக் குமிழ்களாகிறது. விளிம்பை நோக்கிப் போகும் குமிழ்கள், அழுத்தம் கூடுமிடத்தில் நொறுங்கி, எதிரேயுள்ள உலோகத்தைத் துளித்துளியாகப் பெயர்த்தெடுக்கின்றன. கேசிங்கினுள் கூழாங்கல் உருள்வது போலக் கேட்கும் அந்தச் சத்தத்துக்கு பேரிங்கை மாற்றிப் பயனில்லை. பெரிய மோட்டார் பூட்டினால் கூடுதல் நீர் ஓட முயலும், உராய்வும் கூடும், குமிழ்களும் பெருகும். இது தெரிந்தும் குதிரைத்திறனைக் கூட்டி விற்கும் கடைக்காரர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

செலவு குறைந்த வழி, கிணற்றுக்குள் மேடை கட்டி, நீர்மட்டத்துக்கு மேல் 4 மீட்டருக்குள் மோட்டாரை இறக்குவது. மழைக்காலத்தில் கிணறு நிரம்புமென்றால் இது ஆகாது. ஏற்றிய நீரில் ஒரு பகுதியை மற்றொரு குழாய் வழியே கீழே அனுப்பி, அதன் பீய்ச்சலால் கிணற்று நீரை மேலே தள்ளிக்கொடுக்கும் ஜெட் பம்பு இன்னொரு வழி. அந்த நீர் சுற்றிச்சுற்றி வருவதால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். பல இம்பெல்லர்களை ஒரே தண்டில் அடுக்கிய சப்மெர்சிபிள், நீருக்குள்ளேயே இருந்து தள்ளுவதால் மலையின் உயரம் அதைத் தடுக்காது. மேலே வைக்கும் மோட்டாருக்கு மட்டும் இன்னொரு கணக்கும் உண்டு: பொதுவாக அதன் திறன் 1000 மீட்டர் உயரம் வரைக்குமே குறிக்கப்படுகிறது, அதற்கு மேல் மெலிந்த காற்று அதைச் சரிவரக் குளிர்விக்காது என்பதால், முழுச்சுமையில் ஓட்டக் கூடாது.