பைக்கில் நாய்ப்பெட்டி: வண்டிக்கு அளவெடுத்தீர்கள், நாய்க்கு அளவெடுத்தீர்களா?

வீட்டிலேயே பெட்டி செய்து, பைக்கின் பின்னால் பொருத்தி, அதில் நாயை வைத்து மருத்துவமனைக்கு வருகிறவர்களை அடிக்கடிப் பார்க்கிறேன். சொந்தமாகச் செய்வதில் தவறொன்றும் இல்லை. வாங்கிய கூண்டைவிட உறுதியாகச் செய்தவர்களும் உண்டு. ஆனால், கால்நடை மருத்துவராக நான் கண்ட வரையில், பலரும் பெட்டியை வண்டியின் கேரியருக்கு அளவெடுக்கிறார்களே தவிர, உள்ளே இருக்கப்போகும் உயிருக்கு அளவெடுப்பதில்லை.

ஒருமுறை வந்த எட்டு கிலோ நாய்க்கு முன்னங்கால் நகங்கள் இரண்டு அடியோடு பிய்ந்திருந்தன. கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்து சிவந்த வரி ஒன்று ஓடியது. மேல்மூடி இல்லாத பெட்டியில், கழுத்துப்பட்டையை நீளமான சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். சிக்னலில் வண்டி நின்றதும் வெளியே குதித்த நாய், கால் தரையை எட்டாமல் தொங்கியிருக்கிறது. வண்டி அப்போது கிளம்பாததால் பிழைத்தது. பிணைக்கும் வாரைக் கழுத்துப்பட்டையில் அல்ல, மார்பைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னஸின் முதுகு வளையத்தில்தான் மாட்ட வேண்டும். நாய் எழவும் திரும்பவும் படுக்கவும் முடிய வேண்டும், ஆனால் முன்னங்காலைப் பெட்டியின் விளிம்பில் வைக்க முடியாத அளவுக்கு வார் குட்டையாக இருக்க வேண்டும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பெட்டியைக் கேரியரில் கட்டும் ரப்பர் கயிறு அந்த வேகத்தில் எதையும் பிடித்து நிறுத்தாது. அகலமான வாஷரும் தானாகக் கழலாத நைலான் நட்டும் போட்ட போல்ட்டுகள் வேண்டும். அவற்றின் கூர்முனை பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே துருத்திய திருகாணி கிழித்த காயங்களுக்குத் தையல் போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

விபத்தைவிட நான் அஞ்சுவது வெப்பத்தைத்தான். நாய்க்குப் பாதங்களில் தவிர வியர்வை பெரிதாகச் சுரப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே அது உடலைத் தணித்துக்கொள்கிறது. காற்றோட்டமில்லாத பெட்டியில் அந்த மூச்சின் ஈரமே தேங்கிவிடுவதால், எவ்வளவு இரைத்தாலும் பயனில்லை. கீழே சைலன்சரின் சூடு வேறு. ஓடும்போது வீசும் காற்றை நம்பி ஒரே பக்கத்தில் துளையிடுகிறார்கள். வண்டி நெரிசலில் நின்றால் அந்தக் காற்றும் இல்லை. எனவே எதிரெதிர்ப் பக்கங்களில் அகலமான கம்பிவலைத் திறப்புகள் வேண்டும். இயல்பாக 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் உடல் வெப்பம் 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பக் போன்ற தட்டை மூக்கு இனங்களை வெயிலில் இப்படி ஏற்றவே வேண்டாம் என்பேன். நாய் தள்ளாடினாலோ ஈறு கருஞ்சிவப்பானாலோ, நிழலில் இறக்கி, உடலில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறியபடி மருத்துவரிடம் விரையுங்கள்.

நாயை ஏற்றுமுன், அதன் எடைக்கு மணல் மூட்டையைக் கட்டி, உள்ளே வெப்பமானி ஒன்றை வைத்து, நண்பகலில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். திரும்பியதும் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று கையால் அசைத்துப் பாருங்கள்.