'முருகன்க்கு' என்று செயலி ஏன் எழுதுகிறது?

ஒரு செயலியைத் தமிழில் கொண்டுவர ஆங்கில வாசகங்களை எடுத்துவிட்டுத் தமிழை வைத்தால் போதாதா? முதல் படி ஏறக்குறைய அப்படித்தான். திரையில் தோன்றும் வாசகங்களுக்கு மொழிவாரியாகத் தனிக் கோப்பு இருக்கும். 1990களிலிருந்து புழங்கும் குனூ கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியில், மொழிபெயர்ப்பைத் தேடியெடுக்க நிரலில் உள்ள மூல வாசகமே சாவி. அதற்கான தமிழ் கோப்பில் இருந்தால் அது திரைக்கு வரும். இல்லாவிட்டால் மூல வாசகமே வரும். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சில செயலிகள் நிற்பது இதனால்தான்.

எண் வந்தால் வேலை கூடுகிறது. '1 கோப்பு நீக்கப்பட்டது', '5 கோப்புகள் நீக்கப்பட்டன' என்று நமக்கு இரண்டு வடிவம் போதும். ஜப்பானியத்துக்கு ஒன்றே போதும். ரஷ்ய மொழியில் 1, 21, 31 ஆகியவற்றுக்கு ஒரு வடிவம், 2, 3, 4, 22 ஆகியவற்றுக்கு இன்னொன்று, 5 முதல் 20 வரை மூன்றாவது. அரபிக்கு ஆறு! இதை நிரலில் எழுதிவைக்க முடியாது. அதனால் மொழிக்கோப்பின் தலைப்பிலேயே பன்மை விதியைச் சின்னச் சூத்திரமாக எழுதிவிடுகிறார்கள். நிரல் எண்ணைக் கொடுக்கும். எந்த வடிவம் என்பதைச் சூத்திரம் சொல்லும்.

தமிழுக்கு உண்மையான தலைவலி வேற்றுமை உருபு. பயனரின் பெயர் வரும் இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'க்கு' என்று எழுதிவைத்தால் 'ராணிக்கு' சரியாக வரும். அப்புறம் 'முருகன்க்கு', 'அன்வர்க்கு' என்றெல்லாம் வரும். 'முருகனுக்கு', 'மாலாவுக்கு' என்று வர, பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்துச் சேர்க்கும் விதி வேண்டும். பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தால் அந்த விதியும் உதவாது. அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர்கள் வாக்கியத்தையே மாற்றிவிடுவார்கள்: 'செய்தி அனுப்பப்பட்டது. பெறுநர்: முருகன்.' கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் பிழை இல்லை. அனுப்பியவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது 'அனுப்பினார்' நம்மைக் காப்பாற்றிவிடுகிறது. அந்த வசதி எல்லா மொழிக்கும் கிடையாது.

இதையெல்லாம் செய்ய, மொழிபெயர்ப்பாளர் கைக்கு முழு வாக்கியம் வர வேண்டும். பல நிரலாளர்கள் 'உங்களை', 'குழுவில்', 'சேர்த்தார்' என்று துண்டுகளாக வெட்டி, ஆங்கில வரிசையில் ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டியதை எந்த மொழிபெயர்ப்பாளராலும் சரிசெய்ய முடியாது. வாக்கியத்தை முழுதாக விட்டு, காலி இடங்களுக்கு அடையாளமாக ஒரு எண்ணோ பெயரோ கொடுத்தால், மொழிபெயர்ப்பாளர் அவற்றை இடம் மாற்றிக்கொள்ளலாம்.

மொழியோடு நாட்டையும் குறிக்க வேண்டும். கணினி எழுத்துகளுக்கான தரத்தை வகுக்கும் யூனிகோட் அமைப்பு பராமரிக்கும் தரவுத்தொகுப்பின்படி, இந்தியத் தமிழுக்கு 12,34,567 என்று காற்புள்ளி விழும். சிங்கப்பூர்த் தமிழுக்கு 1,234,567.