சந்தேகமும் சாட்சியமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குற்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். போலீஸ் விசாரணையை எதிர்கொள்ளும் குடும்பங்களிடம் 1954இல் வெளிவந்த ‘அந்த நாள்’ படத்தைப் பற்றிப் பேசுவதுண்டு. எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவிஎம் தயாரித்த அந்தப் படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டில் ரேடியோ பொறியாளர் ராஜன் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான். சிவாஜி கணேசன்தான் ராஜன். துப்பறியும் அதிகாரி வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கேட்கக் கேட்க, ஒருவர் மாற்றி ஒருவர் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். கொன்றது யார் என்று சொல்லமாட்டேன். பார்க்காதவர்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

படத்தில் அந்த வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் சொல்வதில் கண்ணால் கண்டது எவ்வளவு, மனத்தில் இருந்த பழைய கசப்பு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலோ ஃபீனிக்ஸ் பகுதியிலோ ஒரு வீட்டில் கொலை நடந்த இரவிலும் இப்படித்தான் பேச்சு ஓடுகிறது. “மருமகனாகத்தான் இருக்கும்” என்று வீட்டு ஆயா (பாட்டி) அழுதுகொண்டே சொல்கிறார். வாக்குமூலம் எழுதுகிற போலீஸ்காரர் அதை “மருமகன் முன்பே மிரட்டியிருக்கிறார்” என்று எழுதிவிட்டால், சத்தியம் செய்து கையெழுத்திட்ட பிறகு அது ஆயாவின் வாக்குமூலம். மாதங்கள் கழித்து நீதிமன்றத்தில் ஆயா உண்மையைத்தான் சொல்வார். ஆனால் இரண்டுக்கும் உள்ள முரண்பாட்டைக் காட்டி, அவர் நிஜமாகவே கண்ட சங்கதியையும் எதிர்த்தரப்பு உடைத்துவிடும். எனவே எழுதியதை முழுவதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அதுவரை பேனாவைத் தொடாதீர்கள்.

போலீஸ் கேள்வி கேட்கும்போது, உங்களைச் சாட்சியாகக் கேட்கிறார்களா, சந்தேக நபராகவா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “மடியில் கனமில்லை, வழியில் பயமெதற்கு” என்று மகனை வழக்கறிஞர் இல்லாமல் பேச அனுப்பும் தாய்மார்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. கைதானவருக்கு மௌனமாக இருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு தருகிறது. கைதானதிலிருந்து 48 மணி நேரத்துக்குள் அவரை நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். அந்தக் கெடு விடுமுறையில் முடிந்தால் அடுத்த வேலை நாளில். பணமில்லாவிட்டால் அரசின் சட்ட உதவி அமைப்பை நாடலாம். திட்டமிட்ட கொலை என்ற குற்றச்சாட்டில் ஜாமீன் கிடைக்க, விதிவிலக்கான சூழ்நிலை உண்டென்று குற்றம் சாட்டப்பட்டவரே காட்ட வேண்டும். தண்டனையோ, வலுவான காரணம் இல்லையேல், ஆயுள் சிறை. வாய்தவறிய ஒரு வாக்கியத்தின் விலை அவ்வளவு.

யார் மீதும் வழக்குப் பதிவாகாமல் போனால், இறந்தது எப்படி என்று நீதிமன்றம் ஆராயும் மரண விசாரணை 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும். அதன் முடிவும் மாறக்கூடியதே. 1971இல் ஜோகன்னஸ்பர்க் போலீஸ் காவலில் மாடியிலிருந்து விழுந்து இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது திமோல் தற்கொலை செய்துகொண்டார் என்று அடுத்த ஆண்டே முடிவு செய்தார்கள். குடும்பம் விடவில்லை. 2017இல் பிரிட்டோரியாவில் விசாரணை மீண்டும் திறக்கப்பட்டபோது, அன்று காவலில் வதைபட்டவர்களும் விழுந்ததைப் பார்த்தவர்களும் வந்து தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். அவர் கொலை செய்யப்பட்டார் என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.