எட்சிங்: அரிப்போவியம்

எட்சிங் என்பது உலோகத்தகட்டில் கோடுகளைப் பள்ளமாக்கி, அவற்றில் மை நிரப்பித் தாளில் அச்சிடும் கலை. இதைப் பலரும் 'செதுக்கோவியம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு கலை. செதுக்கோவியத்தில் கை உளியைத் தள்ளிச் செம்பைச் சீவி எடுக்கிறது. எட்சிங்கில் செம்பைத் தோண்டுவது அமிலம்.

ஜெர்மன் வினையான 'எட்சென்'தான் இதன் வேர். 'உண்' என்பதன் பிறவினை அது. நம் 'ஊட்டு' போல. டச்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கறையானும் துருவும் அமிலமும் செய்யும் வேலைக்குத் தமிழில் 'அரி' என்ற வினை இருக்கிறது. ஆகவே அரிப்போவியம் என்பதே பொருந்தும்.

அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் 1859இல் லண்டனின் தேம்ஸ் ஆற்றங்கரையில் வரைந்த 'பிளாக் லயன் வார்ஃப்' நல்ல எடுத்துக்காட்டு. (வார்ஃப் என்பது சரக்கு ஏற்றி இறக்கும் படகுத்துறை.) அக்கரைக் கிடங்குகளின் பலகைகளும் சன்னல்களும் மயிரிழைக் கோடுகளில், முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதர் தடித்த கோடுகளில். இந்த வேறுபாட்டைத் தருவதில் அரிப்பு நேரத்துக்குப் பெரும் பங்குண்டு.

செம்புத்தகட்டில் தேன்மெழுகு, நிலக்கீல், பிசின் கலந்த பூச்சைப் பரப்பி, புகையில் காட்டிக் கருக்குவார்கள். ஊசி பூச்சை மட்டும் கீறும். பிறகு தகடு அமிலத்தில் இறங்கும். மெல்லிய கோடுகள் போதுமான அளவு அரிபட்டதும் தகட்டை எடுத்துக் கழுவி, அவற்றை வார்னிஷால் மூடி, மீண்டும் இறக்குவார்கள். திறந்திருக்கும் கோடுகள் மேலும் ஆழமாகும், அகலமாகும்.

நைட்ரிக் அமிலத்தில் கோட்டின் மேல் குமிழிகள் ஒட்டும். இறகால் தள்ளிவிடாவிட்டால் அரிப்பு சீராக இராது. பூச்சு சரியாகப் பிடிக்காத இடத்தில் புள்ளிப்புள்ளியாக அரிக்கும். நெருக்கமான கோடுகளை அளவுக்கு மீறி விட்டால் இடைச்சுவர் இடிந்துவிடும். அங்கே மை தங்காது, கறுப்பு வர வேண்டிய இடம் சாம்பலாகும்.

அச்சில் படம் இடவலம் மாறும். விஸ்லர் துறையைக் கண்டபடியே தகட்டில் வரைந்ததால் கரைக்காட்சி அச்சில் திரும்பியே நிற்கிறது; பெயர்ப்பலகை எழுத்துகளோ நேராக வாசிக்க வருகின்றன. அவற்றை மட்டும் தகட்டில் இடவலம் மாற்றி எழுதியிருக்கிறார்!

பழைய அச்சு கையில் கிடைத்தால் உருப்பெருக்கியில் கோட்டின் முனையைப் பாருங்கள். உளிக்கோடு கூர்ந்து முடியும். அரிப்புக்கோடு பெரும்பாலும் மழுங்கி நிற்கும். விஸ்லரின் படத்தைக் காட்சிக்கு வைத்தால், அதன் குறிப்பில் 'செம்புத்தகட்டு அரிப்போவியம், 1859' என்று எழுதினால் போதும்.